ரஜப் அலி கொடுத்த பஞ்சு

என் அக்கா தூரானின் கணவர் ரஜப் அலிக்கு எங்கள் தெருவில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: செங்கல். பாலைவனத்து யஸ்த் ஊரில் வீடு, மதில், கூரை எல்லாமே செங்கல்லும் களிமண்ணும்தான். ஆனாலும் மனிதர்களில் அந்தப் பெயர் அவருக்கு மட்டும்தான் ஒட்டியது. பெற்ற தாயைக் குழியில் இறக்கிய அன்று தம்பிமார்கள் தரையில் விழுந்து புரண்டார்கள். இவர் இரவல் வாங்கிய மண்வெட்டியைத் துடைத்து உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். "சாயந்திரத்துக்கு மாவு பிசையணும்" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கடைக்குப் போய்விட்டார்.

ஈரமில்லாத மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தத் தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது முதுகில் சுமந்து கழிப்பறைக்குக் கொண்டுபோனவர் அவர்தான், அழுத தம்பிமார்கள் அல்ல. கண்ணில்தான் ஒரு சொட்டு வராது. அதை ஒரு குறையாக நினைத்து உள்ளுக்குள் புழுங்குவார். என் அக்காவுக்கோ அதைக் குத்திக்காட்டாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"வாழ்நாள் பூரா அடுப்புக்குள்ள தலைய விட்டு விட்டு, கண்ணுல இருந்த தண்ணியெல்லாம் வத்திப்போச்சு இவருக்கு" என்பாள். அக்கா வேடிக்கையாகச் சொன்னது அது. பிற்பாடு ஒரு டாக்டர் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள்.

எங்களுக்கு மொகரத்தின் முதல் பத்து நாளும் அழுகைக்கு உரிய நாட்கள். காலையில் ஹுசைனியா மண்டபத்தில் மஜ்லிஸ் என்னும் துக்கக் கூட்டம் கூடும். ஷேக் மேடையேறி, கர்பலாப் போரில் தண்ணீர் மறுக்கப்பட்டு மாண்டவர்களின் கதையைப் பாடுவார். கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். அழ வராதவன் அழுகிறவனைப் போல முகத்தையாவது வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கும் புண்ணியம் உண்டு என்பார்கள். ரஜப் அலி நெற்றியில் உள்ளங்கையை வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்திருப்பார். சுற்றிலும் பெரிய பெரிய ஆண்கள் தோள் குலுங்க அழுவார்கள். நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். பரீட்சையில் எல்லாரும் எழுத, தான் மட்டும் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி இருப்பார்.

முழங்கால் ஒத்துழைக்காமல் கடையை மருமகனிடம் விட்ட வருஷம், அந்தக் கண்ணீர் வந்தது.

அந்த வருஷம்தான் ஹுசைனியாவில் பெரிய கூலர் வைத்தார்கள். அதன் வாய் நேராகத் தெற்குத் தூணின் மேல் ஊதும். கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். அடுப்பிலேயே வெந்தவருக்கு அது சொர்க்கமாக இருந்தது. தூணில் சாய்ந்து, கையை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டு, ஷேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாக வழிந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். ஷேக்கும் பார்த்துவிட்டார், குரலை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினார்.

"செங்கல்லே உருகிடுச்சு" என்று ஊர் பேசியது. அவர் தொட்டுத் தொட்டுத் தன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டார். ஆண்டவன் கடைசியில் தன் நெஞ்சைத் திறந்துவிட்டான் என்று உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. அக்கா குத்திப் பேசுவதை விட்டாள். கேட்காமலே தேநீர் வந்தது, கற்கண்டோடு வந்தது. அடுத்த வருஷம் தூணடி இடம் அவருக்காகக் காலியாக விடப்பட்டது.

பஞ்சு வந்ததும் அப்போதுதான். மஜ்லிஸில் சிந்தும் கண்ணீர் நோய்க்கு மருந்து என்பது எங்கள் பெரியவர்கள் காலத்து நம்பிக்கை. அந்தக் காலத்தில் அதைப் பிடித்துவைக்கச் சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்ததாம். இப்போது மருந்துக்கடைப் பஞ்சு. மூட்டுவலிக்காரர்களும் குழந்தை இல்லாதவர்களும் பஞ்சைக் கொடுத்தனுப்புவார்கள். ரஜப் அலி கன்னத்தில் ஒற்றித் திருப்பிக் கொடுப்பார். வாங்கினவர்களில் அவர் பக்கத்து வீட்டு பல்கீஸும் ஒருத்தி.

பல்கீஸ் கணவனை இழந்தவள். கீரை வாங்கி ஆய்ந்து, கழுவி, நறுக்கி வீடுகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள். அவளுடைய ஒரே பிள்ளை யூனுஸ், தஃப்த் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரியில் அடிபட்டுச் செத்தான். அதிலிருந்து அவளுக்கும் கண்ணில் நீர் நிற்காது. கீரை ஆயும்போதும் வழியும், கடையில் நிற்கும்போதும் வழியும். பெற்ற வயிறு, என்ன செய்வாள் என்று நாங்கள் எல்லாரும் உச்சுக்கொட்டுவோம். ஒரு டாக்டரிடம் காட்டலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுகிறாள். அதற்கு எந்த டாக்டர்?

இனி வருவது நடந்தது போன வருஷம். நௌரூஸ் புத்தாண்டு முடிந்த கையோடு ரஜப் அலி என் வேன் அருகே வந்து நின்றார். நான் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவள். அந்தக் கூச்சலில் வளர்ந்த தொண்டை எனக்கு, மெதுவாகப் பேச வராது.

"காலையில கண்ணத் திறக்க முடியல இஷ்ரத். மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. குர்ஆன் எழுத்தெல்லாம் நீந்துது."

"என்ன போட்டீங்க அத்தான்?"

"பன்னீர் விட்டேன். சுர்மா மை போட்டேன்."

"ஏலக்காயும் போட்டிருந்தா அல்வா கிண்டியிருக்கலாம். ஏறுங்க."

கண் டாக்டர் இளம்பெண். ஒரு சின்னக் காகிதப் பட்டையை அவருடைய கீழ் இமைக்குள் மடித்துச் செருகி, கண்ணை மூடச் சொன்னாள். பிறகு ஒரு மஞ்சள் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஐயா, உங்க கண்ணு வறண்டு போயிருக்கு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம யாருன்னு இந்தப் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு."

"டாக்டரம்மா, இவரு அழுதா பக்கத்துல இருக்கறவன் குடை பிடிக்கணும்" என்றேன்.

"வறட்சி இருக்கறதாலதான் வழியுது" என்றாள் அவள். "இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கற துளைங்க இருக்கு. வயசாயி, சூட்டுலயும் நின்னு, உங்களுக்கு அது அடைச்சுப்போச்சு. எண்ணெய்ப் பசை இல்லேன்னா கண்ணுல ஈரம் நிக்காது, காத்துல ஆவியாயிடும். கண்ணு எரியும். எரிஞ்சதும் மிரண்டுபோயி ஒரேயடியா தண்ணியக் கொட்டும். அது கன்னத்துல ஓடிடும், கண்ணுக்கு ஒதவாது. எங்க இருக்கறப்ப ரொம்ப வழியுது?"

"மஜ்லிஸ்ல."

"அங்க எங்க உக்காருவீங்க?"

"தூண்கிட்ட" என்றார். பிறகு மெதுவாக, "கூலர் காத்து அங்கதான் வரும்" என்றார்.

"கண்ணு சிமிட்டாம பாத்துட்டே இருப்பீங்களா?"

அவர் முழங்காலின் மேல் இருந்த கைகள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"அப்ப அது அழுக இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது ஐயா. எனக்குக் கண்ணு மட்டும்தான் தெரியும்."

அவள் சொன்னதையெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன். சொட்டு மருந்தை நாள்தோறும் விடாமல் விட வேண்டும். வெந்நீரில் பிழிந்த சுத்தமான துணியை மூடிய கண்ணின் மேல் வைத்து, சூடு ஆறுவதற்குள் இமையை மயிர்க்கால் பக்கமாக மெதுவாக நீவ வேண்டும். இமை ஓரத்தைக் கழுவ வேண்டும். பன்னீர் கூடாது, சுர்மா கூடாது. காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்காரக் கூடாது. படிக்கும்போது நினைவு வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். மண்காற்றில் கண்ணாடி போட வேண்டும். "வயசானவங்களுக்கு இது சாதாரணம். முழுசா போகாது, ஆனா பாத்துக்கிட்டா தொல்லை இல்ல. அசட்டையா விட்டா கண்ணு மேல்தோல் கீறும். கீறின எடத்துல அழுக்கு பட்டா புண்ணாயிடும்" என்றாள்.

திரும்பும்போது வேனில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "தூரான்கிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. அவர் கண், அவர் மானம்.

ஒன்று சொல்ல வேண்டும், வைத்தியத்தை ஒழுங்காகச் செய்தார். ரொட்டிக்காரர் ஆயிற்றே, சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மணிக்கட்டில் துணியை வைத்தே கண்டுபிடிப்பார். குர்ஆன் படிக்கிறதற்காகச் செய்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். கோடை வருவதற்குள் கண்ணிலிருந்த மண் போய்விட்டது. "கண்ணுங்கற ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு இஷ்ரத்" என்றார் ஒரு நாள். ஆனால் அந்த மாதம் ஒரு வீட்டு மஜ்லிஸில் அவர் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார், கண்ணீர் வரவில்லை. யாரோ கேட்டிருக்கிறார்கள், "என்ன ஹாஜி, மறுபடி செங்கல்லா?" என்று. வீட்டுக்கு வந்ததும் அக்காவும் கேட்டாள். அன்றைக்குத் தேநீரில் கற்கண்டு இல்லை.

மொகரம் பிறந்தது. மருந்துக்குப்பி குளிர்பெட்டியில் தயிர்ச்சட்டிக்குப் பின்னால் போயிற்று. அவர் தூணடிக்குப் போனார்.

நான் மாடியிலிருந்து பார்த்தேன். வழிந்தது, முன்னைவிட அதிகமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் கிழவருக்கு ஒரு பத்து நாள் பெருமை, கெட்டா போய்விடும் என்று விட்டுவிட்டேன். கண் எரிகிற வேதனை முழுக்க அவருக்குத்தானே என்றுதான் நினைத்தேன். பத்தாம் நாள், ஆஷூரா காலையில் பல்கீஸ் பஞ்சோடு அவர் வாசலில் நின்றது எனக்குத் தெரியாது.

"அண்ணே, ரெண்டு கண்ணும் நெருப்பா எரியுது. டாக்டர்கிட்ட போலாம்னு தெருவுல சொன்னாங்க. நான்தான், ஆஷூரா அன்னிக்கு அண்ணன் பஞ்சு வந்துடும், அப்புறம் எதுக்கு டாக்டர்னு சொல்லிட்டேன்."

அப்போது அவர் சொல்லியிருக்கலாம். என்னிடம் இருப்பதும் உன்னிடம் இருப்பதும் ஒரே நோய்தான், போய்ப் பார் என்று. அக்கா பக்கத்தில் நின்றிருந்தாள், முகமெல்லாம் பெருமை. அவர் பஞ்சை வாங்கிக்கொண்டு மஜ்லிஸுக்குப் போனார். கன்னத்தில் ஒற்றினார், கழுத்து வியர்வையோடு சேர்த்து. கொண்டுவந்து கொடுத்தார்.

பல்கீஸ் அதைப் பன்னீரில் நனைத்து நனைத்துக் கண்ணில் ஒற்றியிருக்கிறாள். வலது கண் முதலில் சிவந்தது, பிறகு சீழ் கட்டியது, பிறகு திறக்கவே முடியவில்லை. தெருப் பெண்கள் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புண் ஆறியது. ஆறின இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சம் வருகிறதா போகிறதா என்பது மட்டும் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து வேன் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது, காலை நகர்த்தவில்லை.

"என் பஞ்சுதான்" என்றார்.

எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். "இந்த வருஷம் நான் வேணும்னே சிமிட்டாம இருந்தேன் இஷ்ரத். எரிய எரிய தெறந்தே வெச்சிருந்தேன். அவ வந்து கேட்டப்போ வாய் வரல. தூரான் பாத்துட்டு இருந்தா."

நான் கத்தினேன். பெற்றவனைக்கூட அப்படிப் பேசியிருக்கமாட்டேன். மனைவி முகத்துக்காக ஒருத்தி கண்ணையா விற்பது என்று கேட்டேன். தலையைக் குனிந்தே கேட்டுக்கொண்டார். கத்தி முடித்ததும், "டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லு, பஞ்சுனாலதானான்னு" என்றார்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். "வறண்ட கண்ணுல ஏற்கெனவே கீறல் இருந்திருக்கும். அழுக்குப் பஞ்சும் பன்னீரும் காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றாள். 'இருக்கலாம்' அவருக்குப் போதவில்லை. யாராவது 'ஆமாம், நீதான்' என்று சொல்லி ஓங்கி ஒரு அறை விட்டால் நிம்மதியாக இருக்கும் என்பது போல என் முகத்தையே பார்த்தார். அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வழியில்லை. பல்கீஸ் வீட்டுப் பக்கச் சுவரில் அவள் கீரை நறுக்கும் சத்தம் கேட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போவாராம்.

கடைசியில் அவளிடமே போய்ச் சொல்கிறேன் என்றார். துணைக்கு நான் போனேன்.

பல்கீஸ் துணியை விரித்துப் பார்ஸ்லிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கண்ணில் கட்டு. அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார், வறண்ட கண், கூலர் காற்று, டாக்டர் சொன்னது, தெரிந்தே மறைத்தது, ஒன்று விடாமல். "ஒன் கண்ணு என்னாலதான் போச்சு பல்கீஸ்."

அவள் ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தாள்.

"உக்காருங்க அண்ணே. சைத்தான் உங்க மனசுல பூந்திருக்கான். நல்லவங்களத்தான் அவன் தேடிப் பிடிப்பான். உங்க கண்ணீரையே உங்கள சந்தேகப்பட வெக்கறான் பாருங்க."

"டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில இந்தக் கண்ணுக்கு மருந்து போட்டாங்க, போச்சு. இந்தக் கண்ணுக்குப் பஞ்சுதான் போடறேன், இருக்கு." இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். அதன் ஓரமும் சிவந்திருந்தது, நீர் வழிந்தது.

நான் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தேன். "பஞ்சு இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே பழுப்பாகப் பாதிப் பஞ்சு. அவர் கையை நீட்டினார். அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறது ரொட்டிக்காரருக்கு அழகா அண்ணே?"

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொண்ணும் போயிடும்" என்றார். "அவ என்னை நம்பறா இஷ்ரத். நான் வாயால சொன்னா நம்பமாட்டேங்கறா. என் கண்ணத்தான் நம்பறா."

ஆஷூராவுக்கு நாற்பதாம் நாள், அர்பயீன் காலை மஜ்லிஸ். நான், அக்கா, பல்கீஸ் மூவரும் மாடிச் சல்லடைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கீழே தூணடி வழக்கம்போல் காலியாக இருந்தது. ரஜப் அலி வந்தார். தூணைத் தாண்டி, கூலர் காற்று எட்டாத நடு இடத்தில், ஷேக்குக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார். ஷேக் ஆரம்பித்தார். அழுகை எழுந்தது. தலைகள் ஒவ்வொன்றாக இவர் பக்கம் திரும்பின. கன்னம் காய்ந்து கிடந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து மருந்துக்குப்பியை எடுத்தார். தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, இமையை இழுத்து, ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, மறு கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டார். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். ஷேக்கின் பாட்டு தடுமாறி நின்றது. தேநீர்த் தட்டோடு வந்தவர் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

ரஜப் அலி எழுந்தார். "ஷேக், பொறுத்துக்குங்க. என் கண்ணு வறண்ட கண்ணு. காத்து பட்டா தண்ணி கொட்டும், அவ்வளவுதான். நீங்கல்லாம் பாத்தது அழுக இல்ல. மொதல்ல எனக்கே தெரியாது. இந்த வருஷம் தெரிஞ்சே போயி தூண்கிட்ட உக்காந்தேன். பல்கீஸுக்கும் இதே வறட்சிதான், நான் சொல்லல. பஞ்சக் குடுத்தேன். அவ கண்ணு போச்சு. என் பஞ்சு எந்த வீட்டுல இருந்தாலும் தூக்கி எறிஞ்சிடுங்க. கண்ணு எரிஞ்சா, தண்ணி நிக்காம வழிஞ்சா, டாக்டரப் பாருங்க."

"இதெல்லாம் இங்க பேசற விஷயமா?" என்று ஒருவர் முணுமுணுத்தார். "மூணு வருஷம் நம்மள முட்டாளாக்கிட்டான்" என்று இன்னொருவர். ஷேக் நல்லவர், "உக்காருங்க ஹாஜி" என்று மட்டும் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஆனால் சுருதி சேரவில்லை. மஜ்லிஸ் சீக்கிரமே கலைந்தது. வாசலில் யாரும் அவருக்கு ஸலாம் சொல்லவில்லை. பஞ்சு வாங்கினவர்கள் எல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அக்கா சாதர் துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள், "அழாத மனுஷனோட இத்தன காலம் குடும்பம் நடத்திட்டேன். எனக்கு அது பத்தலேன்னு இவருகிட்ட யாரு சொன்னா?" நீதானடி சொன்னாய், தினமும் சொன்னாய் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அடுப்பில் துணிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன்.

பல்கீஸ் மாடியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் காலை என் வேனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கூட்டிட்டுப் போ." டப்பாவை என் கையில் கொடுத்தாள். காலியாக இருந்தது. "அவரும் வரட்டும்" என்றாள்.

மூவரும் போனோம். கண் ஆஸ்பத்திரி வாசலில் அவருக்கு நான் மருந்து விட்டேன். உள்ளே ஒரே ஒரு பெஞ்சு. நான் பல்கீஸுக்கு இடது பக்கம், அவர் வலது பக்கம் உட்கார்ந்தோம்.

அதே டாக்டர், அதே காகிதப் பட்டை. இடது இமைக்குள் செருகினாள், எடுத்தாள், மஞ்சள் சொட்டு விட்டுப் பார்த்தாள். "இந்தக் கண்ணத் தப்ப வெச்சிடலாம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. ரொம்ப வறண்டிருக்கு, பல வருஷமா இருந்திருக்கணும். அதான் ஓயாம வழியுது" என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பல்கீஸுக்கு அந்த முதல் வார்த்தை காதில் விழவில்லை போலிருந்தது.

"பல வருஷமாவா?"

"ஆமாம்மா."

"யூனுஸ் போனதுலேருந்து வழியுது" என்றாள் பல்கீஸ். "எம்புள்ளைக்காக அழறேன்னு நெனச்சேன். சோறு திங்கறப்பகூட அழறேன், மறக்கலன்னு நெனச்சேன். அதுவும் காத்துதானா?"

டாக்டர் தன் கையுறையைப் பார்த்தாள். பல்கீஸ் மடியில் இருந்த கையை ஒருமுறை மூடித் திறந்தாள். ஒரு கண்ணைப் பறித்தது போதாதென்று அவளுடைய ஏழு வருஷத்து அழுகையையும் அவர் மேடை போட்டுப் பறித்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"இல்ல பல்கீஸ்" என்றார் ரஜப் அலி. "ஒன்னோடது அழுகதான்."

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. கண்ணு வறண்டதுதான். அழுதது நீ. நான் பொய்யா அழுதவன், எனக்கு வித்தியாசம் தெரியும்."

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எட்டி அவரைப் பார்த்தேன். அந்த அறையில் கூலர் இல்லை, ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார், தோள் குலுங்கியது. மூடின இமைக்குள்ளிருந்து வழிந்து, தாடியை நனைத்து, சட்டையில் சொட்டியது. நெற்றியில் கை வைக்கவில்லை. தாய்க்கு வராதது, கர்பலாவுக்கு வராதது, வந்தது.

"ஏன் அண்ணே, பேச்சையே காணோம்?" என்றாள் பல்கீஸ், சுவரைப் பார்த்தபடியே.

அவர் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது.